பர்மிங்காம் 'பேக் டு பேக்ஸ்': மாடிக்கு ஒரு அறை, வீட்டுக்கு ஒரு குடும்பம், முற்றத்துக்கு ஒரு குழாய்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் இங்கிலாந்தில் இருக்கிறவர்கள் கூட்டிப் போகிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். லண்டன் டவர் பாலம், வின்ட்சர் கோட்டை, ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு, வழியில் ஏதாவது ஒரு பிரபுவின் மாளிகை. அவ்வளவு பெரிய மாளிகைக்குக் கரி சுமந்தது யார், அத்தனை படுக்கை விரிப்பையும் துவைத்தது யார் என்று கேட்டால் பதில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பர்மிங்காமில் இருக்கிற 'பேக் டு பேக்ஸ்' (முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள்) அதற்கு நேர் எதிர். 19ஆம் நூற்றாண்டில் ஒரு தொழில் நகரத்தில் கூலிக் குடும்பங்கள் எப்படிக் காலம் தள்ளின என்பதை, அவர்கள் குடியிருந்த அதே வீடுகளுக்குள் அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். அம்மாவோடு போய் வந்தேன். வாய்ப்பு இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எதைத் தெரிந்துகொண்டு போனால் நன்றாகப் பார்க்க முடியும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போகிற வழி. பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி ஹிப்போட்ரோம் தியேட்டரைப் பார்த்து நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். ஹர்ஸ்ட் தெருவும் இஞ்ச் தெருவும் சேருகிற மூலை. சைனா டவுன் ஒட்டியே இருப்பதால் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை. மூலையில் பழைய காலத்து மிட்டாய்க் கடை ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் என்கிற தொண்டு அமைப்பு நடத்துகிறது, உள்ளே நம் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது, வழிகாட்டியோடு சின்னக் குழுவாகத்தான் விடுவார்கள். அதனால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். அறைகள் அவ்வளவு சின்னவை, குழுவில் இருக்கிறவர்கள் எல்லோரும் உள்ளே நுழைந்ததும் கையை அசைக்க இடம் இருக்காது. ஆரம்பத்தில் அது தொந்தரவாக இருந்தது, அப்புறம்தான் இங்கே காட்ட வேண்டியதே அந்த நெருக்கடிதானே என்று தோன்றியது.

இந்த வீடுகளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நீளமான கட்டடத்தை நடுவில் ஒரே சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தால் தெருவைப் பார்த்து ஒரு வரிசை வீடு, பின்பக்க முற்றத்தைப் பார்த்து இன்னொரு வரிசை வீடு. இரண்டுக்கும் முதுகு ஒன்று. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் மட்டும் கதவும் ஜன்னலும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வழியே கிடையாது. மாடிக்கு ஒரு அறை வீதம் மூன்று மாடி: கீழே சமையலும் மற்ற எல்லாமும், நடுவில் படுக்கை, மேலே பரண் மாதிரி ஒன்று, அதில் பிள்ளைகள் படுப்பார்கள் அல்லது வீட்டுக்காரர் தொழில் செய்வார். இந்த முற்றத்துக்கு 15ஆம் எண். இங்கே இருக்கிற 11 வீடுகளும் 1802க்கும் 1831க்கும் இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப்பட்டவை. ஒரு கட்டத்தில் 60 பேர் வரை இந்த ஒரு முற்றத்தில் குடியிருந்திருக்கிறார்கள்.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. 1801இல் பர்மிங்காமில் சுமார் 73,000 பேர். 1851இல் 2,33,000 பேர். ஐம்பது வருடத்தில் மூன்று மடங்கு. பித்தளை, பொத்தான், துப்பாக்கி, நகை, பேனா நிப் என்று ஆயிரம் தொழில் நடந்த ஊர், பிழைப்பு தேடி ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சின்ன மனையில் நிறைய வாடகை பார்க்க வேண்டும் என்றால் முதுகோடு முதுகு ஒட்டி, மெல்லிசுச் சுவர் வைத்துக் கட்டுவதுதான் லாபம். 1876இல் பர்மிங்காம் நகரசபை இனிமேல் இப்படிப் புதிதாகக் கட்டக்கூடாது என்று தடை போட்டது. ஆனால் ஏற்கெனவே கட்டியவை அப்படியே நின்றன. முதல் உலகப்போர் தொடங்குகிற நேரத்தில்கூட இந்த ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் சுமார் 43,000 இருந்தன, அவற்றில் இரண்டு லட்சம் பேர் குடியிருந்தார்கள். லீட்ஸ் நகரத்தில் இதே வகை வீடுகளை 1937 வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். பர்மிங்காமில் முற்றத்தோடு முழுதாகத் தப்பிப் பிழைத்தது இந்த ஒன்றுதான். இதையும் 1988இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்து, பழுது பார்த்து, 2004இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

சுற்றிப் பார்க்கிற வரிசை நன்றாக இருக்கிறது. நான்கு வீடு, நான்கு காலம். முதல் வீடு 1840களுக்கானது. லெவி என்கிற யூதக் குடும்பம். லாரன்ஸ் லெவி லண்டனிலிருந்து வந்தவர், கடிகார முள் செய்வது தொழில். மனைவி, நான்கு பிள்ளைகள். பட்டறை மேல்மாடியில். மெழுகுவர்த்தி வெளிச்சம்தான் அன்றைக்கு. ஜன்னல் பக்கம் வேலை மேசை ஏன் போட்டிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே புரியும், பகல் வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் நுணுக்கமான வேலை ஓடும். இந்தக் குடும்பம் அந்தக் கால அளவில் அடிமட்டம் கிடையாது, கைத்தொழில் தெரிந்தவர், ஏதோ சமாளித்தவர். அப்படிப்பட்டவருக்கே இந்த இடம்தான் என்றால், கையில் தொழில் இல்லாமல் தினக்கூலிக்குப் போனவன் எங்கே படுத்தான் என்று யோசித்துக்கொண்டே மாடி ஏறினேன்.

மாடிப்படியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுவரை ஒட்டி முறுக்கிக்கொண்டு மேலே போகிற மரப்படி, முக்கோணமாக வெட்டிய பலகைகள், உள்பக்கம் கால் வைக்க இரண்டு விரல் அகலம்கூட இல்லை. கைக்கு ஒரு பிடி மட்டும். இதில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒரு கையில் வாளி, இடுப்பில் குழந்தையோடு ஏறி இறங்கியிருக்கிறாள், அதுவும் இருட்டில். ராத்திரி சிறுநீர் கழித்த சட்டியைக் காலையில் இதே படியில் கீழே கொண்டுவந்திருக்கிறாள். வழிகாட்டி இதையெல்லாம் பெரிதாக வர்ணிக்கவில்லை. "மெதுவாக, பின்பக்கமாகத் திரும்பி இறங்குங்கள்" என்று மட்டும்தான் சொன்னார். இறங்கும்போது எனக்கே புரிந்துவிட்டது.

இரண்டாவது வீட்டில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். 1870களின் ஓல்ட்ஃபீல்ட் குடும்பம். ஹெர்பர்ட் ஓல்ட்ஃபீல்ட் கண்ணாடிக் கண் செய்கிறவர், பொம்மைகளுக்கும், பஞ்சு அடைத்து வைக்கிற மிருகங்களுக்கும். மேசையில் அந்தக் கண்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், பார்க்கக் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கிறது. நிறையப் பிள்ளைகள். அது போதாது என்று வாடகைக்கு ஆட்களையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே? பிள்ளைகள் படுக்கிற அதே அறையில். நடுவில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டால் அந்தப் பக்கம் வாடகைக்காரர், இந்தப் பக்கம் பிள்ளைகள். பிள்ளைகள் ஒரே கட்டிலில் தலைமாட்டில் சிலர், கால்மாட்டில் சிலர். சின்ன வயதில் கல்யாண வீடுகளில் நாமும் அப்படி நெருக்கிப் படுத்திருக்கிறோம், அது ஒரு ராத்திரி, சந்தோஷமாகவும் இருந்திருக்கும். இங்கே அது வருடக்கணக்கு, ஒருவருக்கு இருமல் வந்தால் எல்லோருக்கும் வரும், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தனியாகப் படுக்கவைக்க இன்னொரு இடம் இல்லை.

வாடகைக்கு ஆள் வைத்தது பேராசையால் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஒன்றிரண்டு ஷில்லிங்தான் வீட்டு வாடகையின் பெரும் பகுதியைக் கட்டியது. புருஷன் கையை வெட்டிக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, ஆனால் வாடகை வசூலிக்கிறவன் திங்கட்கிழமை வந்து நிற்பான். இந்த இடம் என்னை இவ்வளவு பாதித்ததற்குக் காரணம் இதுதான். ஏழ்மை என்று பொதுவாகப் பேசாமல், எத்தனை கட்டில், எத்தனை வாளி, எத்தனை பென்னி என்று நம்மையே எண்ண வைத்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டு நெடுகிலும் இங்கிலாந்தில் பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் ஒரு வயது முடிவதற்குள் இறந்தார்கள். அது நாட்டுச் சராசரி, இந்த மாதிரி முற்றங்களில் அதைவிட அதிகம். பொதுச் சுகாதாரத்துக்காகப் பாடுபட்ட எட்வின் சாட்விக் 1842இல் கொடுத்த அறிக்கையில் மான்செஸ்டர் கூலித் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17 என்று இருக்கிறது, ரட்லண்ட் கிராமப்புறத்தில் அதே வர்க்கத்துக்கு 38. எல்லோரும் 17 வயதில் செத்தார்கள் என்று அர்த்தம் இல்லை. அவ்வளவு குழந்தைகள் செத்தார்கள், அதனால் சராசரி அங்கே போய் நின்றது. அந்தக் கட்டிலைப் பார்க்கும்போது இந்தக் கணக்கும் மனதில் இருக்கட்டும்.

அடுத்து முற்றம். எனக்குப் பிடித்ததும் அம்மாவுக்குப் பிடித்ததும் இதுதான். எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் தண்ணீர், பொதுவாகக் கக்கூஸ், பொதுவாக ஒரு துவைக்கும் அறை. அந்த அறைக்குள் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு பெரிய அண்டா, அடியில் நெருப்பு வைக்க வாய். பக்கத்தில் மரத் தொட்டி, துணியைக் குத்திப் புரட்ட ஒரு தடி, பிழிவதற்குக் கையால் சுற்றுகிற உருளை. அம்மா அந்தத் தடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காய்ஞ்ச தடியே இவ்ளோ கனம், நனைஞ்ச போர்வையையும் சேர்த்துத் தூக்கினா தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்" என்றாள். முற்றத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் துவைப்பதற்கு ஒரு நாள் முறை வைத்திருப்பார்கள். உன் நாளில் மழை வந்தால் துணியெல்லாம் அந்த ஒரே அறைக்குள், அடுப்புக்கு முன்னால், குழந்தை தலைக்கு மேலே தொங்கும். ஊர்க்காரர் துணியை வாங்கித் துவைத்துக் கொடுத்துச் சம்பாதித்த விதவைகளும் இப்படிப்பட்ட முற்றங்களில் ஏராளம், அவர்களுக்கு இந்த அறைதான் பட்டறை. கக்கூஸைப் பற்றிக் கொஞ்சம் மட்டும் சொல்கிறேன்: முற்றத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் எண்ணிச் சிலதான், குளிர்காலத்தில் ராத்திரி எழுந்து முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும், பக்கத்திலேயே குப்பையும் சாம்பலும் கொட்டுகிற இடம்.

நீங்கள் போவதற்கு முன்னால் தெரிந்துகொண்டால் நல்லது என்று நான் நினைக்கிற ஒரு விஷயம், பெண்களும் பிள்ளைகளும் வீட்டுக்குள்ளேயே செய்த கூலி வேலை. ரவிக்கையில் வைக்கிற ஹூக்கும் அது மாட்டுகிற வளையமும் இருக்கிறதே, அதைக் கடைக்கு அனுப்ப அட்டையில் தைத்துக் கொடுக்க வேண்டும். 1890களில் பர்மிங்காமில் அந்த வேலைக்குக் கூலி என்ன தெரியுமா? 384 ஹூக், 384 வளையம், இரண்டையும் ஒவ்வொன்றாக மாட்டி அட்டையில் தைத்தால் ஒரு பென்னி. 12 பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங். ஊசியும் நூலும் அவர்கள் செலவு. சின்னப் பிள்ளைகள் ஹூக்கையும் வளையத்தையும் மாட்டிக்கொடுக்க, அம்மா தைப்பாள், விளக்கு எண்ணெய் தீரும்வரை. ஓல்ட்ஃபீல்ட் வீட்டு மேசையைப் பார்க்கும்போது நான் இதைத்தான் நினைத்தேன்: சாப்பிடுகிற மேசை, பிள்ளை படிக்கிற மேசை, கூலி வேலை செய்கிற மேசை எல்லாம் அது ஒன்றுதான்.

சட்டம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். பருத்தி ஆலைகளில் பிள்ளைகளின் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1833இலேயே ஓரளவு வந்துவிட்டது. பர்மிங்காம் அப்படிப்பட்ட ஊர் இல்லை. பெரிய ஆலைகளைவிடச் சந்துக்குச் சந்து சின்னப் பட்டறைகள் பெருகிய ஊர், அவற்றுக்கெல்லாம் சட்டம் வந்தது 1867இல். வந்த பிறகும் ஒவ்வொரு பரணிலும் ஏறிப் பார்க்க இன்ஸ்பெக்டர் ஏது. 1880இல் பள்ளிக்கூடம் கட்டாயம் என்றார்கள், ஆனால் வாரா வாரம் பென்னி கட்டணம் இருந்தது, பெரும்பாலான பள்ளிகளில் கட்டணம் போனது 1891இல்தான். பள்ளிக்கு அனுப்பினால் கட்டணமும் போகும், பிள்ளை கொண்டுவருகிற கூலியும் போகும். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் பின்னணியில் இருக்கட்டும். ஒன்று அடகுக்கடை. ஞாயிற்றுக்கிழமை போட்ட நல்ல கோட்டு திங்கட்கிழமை அடகுக்குப் போகும், சனிக்கிழமை சம்பளம் வந்ததும் மீட்டு எடுப்பார்கள், மறுபடி திங்கள். வருடம் முழுக்க வட்டி கட்டியே அந்தக் கோட்டின் விலையைக் கொடுத்து முடித்திருப்பார்கள். இரண்டாவது வொர்க்ஹவுஸ், அதாவது கதியற்ற ஏழைகளை வைத்து வேலை வாங்கிச் சோறு போட்ட விடுதி. ஒன்றுமே முடியாமல் போனால் கடைசிப் போக்கிடம் அதுதான். 1852இல் வின்சன் கிரீனில் புதிதாகப் பெரிதாகக் கட்டினார்கள். உள்ளே போனால் புருஷன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். சோறு கிடைக்கும், குடும்பம் உடையும். இந்த முற்றத்து ஜனங்கள் 384 ஹூக்குக்கு ஒரு பென்னி என்றாலும் வாங்கிச் செய்ததற்கும், பரணில் அன்னியரைப் படுக்கவைத்ததற்கும் அந்தப் பயம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஜோசப் சேம்பர்லேன் 1873இலிருந்து 1876வரை மேயராக இருந்து எரிவாயு, தண்ணீர் விநியோகத்தைத் தனியார் கையிலிருந்து நகரசபைக்குக் கொண்டுவந்தார், அது நிஜமாகவே பெரிய காரியம், தண்ணீர் சுத்தமானால் பிழைக்கிற உயிர்கள் எத்தனை. அதே காலத்தில் குடிசைப் பகுதிகளை இடித்துக் கார்ப்பரேஷன் தெருவைப் போட்டார்கள். கடைகள் வந்தன, அலுவலகங்கள் வந்தன. இடிபட்ட வீட்டுக்காரர்களுக்கு மாற்று வீடு ஏறக்குறைய கட்டவே இல்லை, அவர்கள் பக்கத்து முற்றங்களில் போய் இன்னும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது அந்தத் தெரு வழியாக நடந்து பாருங்கள்.

மற்ற இரண்டு வீடுகளும் நம் விஷயத்துக்குக் கொஞ்சம் தள்ளியவை, சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாவது 1930களின் மிட்செல் குடும்பம், பூட்டு செய்கிறவர்கள், தலைமுறை தலைமுறையாக ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இதே முற்றத்தில் இருந்திருக்கிறார்கள். நான்காவது ஜார்ஜ் சாண்டர்ஸ் என்கிற தையற்காரரின் கடை. செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து 1958இல் வந்தவர், 1970களில் இங்கே கடை போட்டார். 1966இலேயே இந்த வீடுகள் குடியிருக்க லாயக்கில்லை என்று அறிவித்துவிட்டார்கள், தெருப்பக்கக் கடைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, அப்படி ஓடியவற்றில் ஒன்று அவருடையது. அவர் கொடுத்துவிட்டுப் போன கருவிகளும் துணிகளும் அங்கேயே இருக்கின்றன. வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்த எனக்கு அந்தக் கடையை விட்டு நகர மனமே இல்லை, ஆனால் அது வேறு ஒரு பதிவுக்கான விஷயம்.

சரி, எப்படி இருந்தது என்று கேட்டால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அறைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைக்காததும், ஒரே 'ஏழைக் குடும்பம்' என்று பொம்மை வைக்காமல் நிஜமாக வாழ்ந்த குடும்பங்களைப் பெயரோடும் தொழிலோடும் சொல்வதும் பெரிய பலம். அந்த அரைப் புள்ளி ஏன் குறைகிறது என்றால், மியூசியமாகப் பராமரிக்கிற வீடு சுத்தமாகத்தானே இருக்கும். ஈரம் ஏறிய சுவர், மூட்டைப்பூச்சி, முற்றத்து நாற்றம், பக்கத்துப் பட்டறைச் சத்தம் இதையெல்லாம் நாம்தான் மனதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்காமல் பார்த்தால் "அட, சின்னதாக அழகான வீடு" என்று தோன்றிவிடும் ஆபத்து உண்டு, எங்கள் குழுவில் ஒருவர் அப்படியே சொன்னார்.

எட்டு, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம், அவர்களுக்கு அந்தக் கட்டிலும் துணித் திரையும் பாடப்புத்தகத்தைவிட நன்றாகப் புரியும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் படியை யோசித்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சம் இருந்தால் ஜுவல்லரி குவார்ட்டரில் இருக்கிற பேனா மியூசியத்துக்கும் போய்விடுங்கள், ஃபிரெடரிக் தெருவில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் உலகம் முழுக்கப் போன பேனா நிப்புகளை இங்கே பெரும்பாலும் பெண்கள்தான் கை அழுத்த இயந்திரத்தில் அடித்தார்கள், நீங்களே ஒரு நிப் அடித்துப் பார்க்கலாம், அந்தப் பிடியை ஒரு தடவை இழுத்துவிட்டு நாள் முழுக்க இழுப்பதை நினைத்துப் பாருங்கள். காலையில் முற்றம், மதியம் பேனா என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் வீடும் வேலையும் இரண்டும் பார்த்த மாதிரி ஆகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள், முக்கியமாக ஊரிலிருந்து வருகிற பெரியவர்கள், தரைத்தளம் மட்டும் பார்க்கிற ஏற்பாட்டை முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். துவைக்கும் அறையும் முற்றமும் கீழேயே இருப்பதால் அவர்களுக்கும் பார்க்க நிறைய இருக்கிறது.